மாட்டிவிட்டு மறந்த பெட்டி

அமெரிக்காவில் பறவைகள் வலசை போகும் மிசிசிப்பி வான்வழியில் உள்ள மாநிலங்களில் வாத்து வேட்டைக்குச் சட்டம் விடும் காலம் தாராளமான ஆண்டிலும் 60 நாள்தான். மிச்ச மாதங்களில் வேட்டைக்காரர்களாகிய நாங்கள் செய்கிற வேலைகளில் அதிகம் மெச்சப்படுவது, மரப்பொந்தில் முட்டையிடும் வுட் டக் வாத்துக்குக் கூடுப்பெட்டி வைப்பது. அந்த மெச்சுதலுக்குக் காரணம் உண்டு. வரைமுறையற்ற வேட்டையாலும் ஆற்றோரக் காடுகள் அழிந்ததாலும் அருகிப்போன இந்த வாத்தைச் சுட 1918இல் வந்த தடை 1941 வரை விலகவில்லை. 1930களின் இறுதியில் இல்லினாயில் பெட்டிகளைப் பெரிய அளவில் வைத்துப் பார்த்தார்கள். ஃபிராங்க் பெல்ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பல்லாண்டு விடாமல் கவனித்தார்கள். எங்களில் பலர் அவர்களிடமிருந்து பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம், கவனிப்பை விட்டுவிட்டோம். பராமரிக்காத பெட்டியை வைப்பதைவிட வைக்காமலே இருப்பது வாத்துக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வுட் டக் பெட்டை கூடு கட்ட ஒரு துரும்பும் கொண்டுவராது. பொந்தின் அடியில் கிடப்பதில் குழி பறித்து முட்டையிடும், பிறகு தன் மார்புத் தூவியால் மூடும். பெட்டிக்குள் நான்கு அங்குல உயரத்துக்கு மரச்சீவல் போடுவது அதனால்தான். சென்ற ஆண்டுச் சீவல் மக்கிப்போயிருக்கும், அல்லது ஸ்டார்லிங் குருவிகள் புல்லை அடைத்திருக்கும். வாசலை நான்கு அங்குல அகலம், மூன்று அங்குல உயரமுள்ள நீள்வட்டமாக வெட்டினால் முட்டை திருடும் ரக்கூன் என்ற விலங்கு பெரிதாக இருந்தால் நுழையத் திணறும். ஆனால் பாம்புக்கு அது தடையே அல்ல. ஒரு பெட்டியில் முட்டை ருசி கண்ட ரக்கூன் அடுத்தடுத்த பெட்டிகளையும் தேடிப் போகும். மரத்தில் அறையாமல் தனிக் கம்பத்தில் மாட்டி, கீழே மூன்றடி விட்டத்தில் தகரக் கூம்பு போடாவிட்டால் நாம் ரக்கூனுக்குப் பந்தி விரித்தவர்களாவோம். வெட்டவெளியில் நெருக்கி வைப்பது இன்னொரு கேடு. ஒரு பெட்டை நுழைவதைப் பார்த்து மற்றவையும் அங்கேயே முட்டையிடும். ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பதுக்கும் மேல் குவிந்து, பல கூமுட்டையாகும். பிராட் செமல், பால் ஷெர்மன் ஆகியோரின் ஆய்வுகள் 1980களிலேயே இதைக் காட்டி, பெட்டிகளைத் தள்ளித் தள்ளி மறைவாக வைக்கச் சொல்லின. கரையிலிருந்து எண்ணிப் பார்க்க வசதியாக வரிசைகட்டி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்றும் பெரும்பாலான வுட் டக்குகள் இயற்கைப் பொந்துகளில்தானே பிறக்கின்றன, பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பொந்து விழுந்த முதிய சைகமோர் மரத்தை வெட்டாமல் காப்பது பத்துப் பெட்டிக்குச் சமம் என்றே நானும் சொல்வேன். ஆனால் உயரத்துப் பொந்துக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது, பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஓட்டிலிருந்து கழன்ற தோல் போன்ற சவ்வுகள் கிடந்தால் குஞ்சு பொரித்துக் குதித்துப் போயிருக்கிறது. நொறுங்கிய ஓடும் மஞ்சள் கருக் கறையும் இருந்தால் திருட்டு. பொரித்த பெட்டை மறு ஆண்டும் பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் வரும். ஆகவே இந்தக் குறிப்புகள்தாம் அந்த நீர்நிலையைப் பற்றிய முதல் நோட்டம். ஜூனில் குஞ்சுகள் ஒதுங்கப் புதர் சாய்ந்த ஆழமற்ற நீர் இருக்கிறதா, செப்டம்பரில் ஓக் மரங்கள் காய்த்திருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் தொடர்ச்சி.

கொல்வதற்காகத்தானே வளர்க்கிறீர்கள் என்ற கண்டனத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. சுடுகிறோம் என்பது உண்மை. அதனாலேயே எங்கள் பெட்டியில் கெட்டுப்போகும் ஓர் ஈட்டுக்கு மற்ற எவரையும்விட நாங்கள் பொறுப்பு. தென்மாநிலங்களில் பிப்ரவரியிலேயே பெட்டைகள் இடம் தேடத் தொடங்கிவிடும். அதற்குள் பழைய சீவலை அள்ளி, புதியது போட்டு, கூம்பின் ஆணிகளை முடுக்கிவிட வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஏணியை எடுத்துப்போய்ப் பெட்டியைக் கழற்றிவிடலாம்.