ராமானுஜன் விட்ட எண்ணும் நான் விட்ட என்ட்ரியும்

இது கணக்குப் பதிவு. பயந்து ஓடிவிடாதீர்கள், நானும் பி.காம் தான்!

போன செமஸ்டரில் அக்கவுண்டன்சியில் அரியர். டிரையல் பேலன்ஸில் ஒரே ஒரு என்ட்ரி விட்டுப்போய், அதைத் தேடியே பாதி நேரம் போச்சு. எடப்பாடிக்கு வந்து பத்து நாள் ஆகியும் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்போது படித்ததுதான் இது.

எங்கள் ஊரில் துண்டை டஜன் கணக்கில்தான் கட்டுவோம். ஏன் பத்து இல்லை? 10-ஐ மீதியில்லாமல் வகுப்பவை 1, 2, 5, 10 என்று நாலே எண்கள். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் சில உண்டு. 12, 24, 36, 48, 60, 120... இப்படிப் போகும்.

இவற்றை ஆராய்ந்து 1915ல் பெரிய கட்டுரை எழுதியவர் ராமானுஜன். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான், 1887ல் ஈரோட்டில் பிறந்தவர். கல்லூரிப் பரீட்சையில் தேறாமல், 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!)

கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 6746328388800 வரை போயிருக்கிறார். அதற்குக் காரணிகள் 10,080. ஆனால் நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டார்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600!

அதைப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 7×5×3×3×2×2×2×2 = 5040. அத்தனை காரணிகள்.

சும்மா அதை 23ஆல் பெருக்கிப் பார்த்தேன். வந்தது 6746328388800. பட்டியலின் கடைசி எண்ணேதான்! விட்டுப்போனதை 23 மடங்காக்கினால் எழுதிய கடைசி எண். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கண்ணில் படவில்லை.

பின்னால் வந்தவர்கள் அதைச் சேர்த்துக் கொண்டார்கள். கட்டுரையின் மதிப்பு குறையவில்லை. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் கேம்பிரிட்ஜ் 1916ல் அவருக்கு பி.ஏ. பட்டமே கொடுத்தது.

என் அரியரையும் ராமானுஜனையும் ஒன்றாக்கவில்லை. அவர் விட்டது ஒரு எண், நான் விட்டது படிப்பை. ஆனாலும் அன்று ராத்திரி தறி நின்றதும் போய்ச் சொல்லிவிட்டேன். அப்பா துண்டு எண்ணிக் கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விட்டுப்போச்சுன்னா மறுக்கா எழுது சாமி. அதுக்கு எதுக்கு பத்து நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு சுத்துன?"

அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பேசியதில் எண்ணிக்கை விட்டுப்போய், அந்தக் கட்டை மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.