எண்ணற்ற கோள் எதற்கு?
டேவிட் பிரேபனும் இயான் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதி, 1984 செப்டம்பரில் ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்ட 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி நிரல் எழுதுகிறவர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு அதன் சிக்கனத்தில்தான் போய் நிற்கும். நியாயம்தான். 32 கிலோபைட் நினைவகத்தில் திரைக்கும் இயக்க முறைமைக்கும் போக மிஞ்சிய இடத்தில் முப்பரிமாணக் கப்பல்கள், லேசர் சண்டை, சரக்கு வணிகம், 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். கோள்களின் பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மூன்று 16 பிட் எண்களே விதை. மூன்றையும் கூட்டிப் புதிய எண்ணைச் சேர்த்து, பழையதில் ஒன்றைத் தள்ளிவிட்டு, மறுபடி கூட்டுகிறது நிரல். கோளின் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம் எல்லாம் அந்தக் கூட்டலிலிருந்தே பிறக்கின்றன. திரையிலும் இதே துணிவு: மேலே கூர்மையான கருப்பு வெள்ளை, கீழே நான்கு நிறக் கருவிப் பலகை. காட்சி ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் பாதியில் திரைமுறையே மாறுகிறது.

ஆனாலும் எலைட்டின் கைத்திறன் சிக்கனத்தில் முடிந்துவிடவில்லை என்பதே என் வாதம். அதே கணக்கைக் கொண்டு 2-இன் 48ஆம் அடுக்கு மண்டலங்களைத் தருவதுதான் இருவரின் முதல் எண்ணம். அதற்குக் கூடுதல் நினைவகம் தேவையில்லை. ஏகார்ன்சாஃப்ட் தடுத்தது, எட்டோடு நின்றது. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாமென்றது சிக்கனமல்ல, தேர்வு. அத்தனை பெரிய எண்ணிக்கை, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பதை அம்பலப்படுத்தியிருக்கும்.

அப்படியானால் 2,048 கோள்களும் ஒரே அச்சுதானே என்று கேட்கலாம். பார்வைக்கு ஆம். கோள் என்பது கோட்டால் வரைந்த ஒரு வட்டம். ஆனால் விவசாயக் கோளில் உணவு மலிவு, தொழிற்கோளில் கணினி மலிவு. ஆட்சியற்ற கோளை நெருங்கினால் கொள்ளையர் அதிகம். எரிபொருள் நிரப்பினால் 7 ஒளியாண்டுதான் போகலாம். சரக்கு நிறைந்து, கேடயம் தேய்ந்த கப்பலோடு வருகிறவருக்கு இந்தச் சில வேறுபாடுகளே ஒரு கோளை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. சுடுவதற்கும் காரணம் கிடைக்கிறது. அதுவரை வந்த சுடும் விளையாட்டுகள் பலவற்றில் எதிரியைச் சுடப் புள்ளிகளைத் தவிர வேறு காரணமில்லை.

இன்று நினைவகம் தாராளம், இந்தக் கணக்கெல்லாம் பழங்கதை என்பார்கள். நினைவகம் பெருகியது உண்மை. ஒரு மாலைப் பொழுதில் விளையாடுகிறவர் கவனிக்கக்கூடிய வேறுபாடுகள் பெருகவில்லை. விண்வெளி விளையாட்டு எழுத உட்காருகிறவர்கள் கோள்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் முன், ஒரு கோளிலிருந்து அடுத்ததற்குப் போனால் விளையாடுகிறவரின் எந்த முடிவு மாறும் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்ளட்டும்.