காசிக்கு டிக்கெட் இருந்தது, ஏஜெண்டைத்தான் காணோம்!

எங்கள் ஆரணியில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்த ஊரில் காலையில் நடந்து பாருங்கள். ஒரு தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருப்பார்கள். இன்னொரு தெருவில் திண்ணையில் உட்கார்ந்து யாராவது தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். என் மாமியாரும் அப்படி ஐம்பது வருஷம் தார் சுற்றியவர்தான். மாமனார் குழித்தறியில் நெய்த கல்யாணப் புடவைகள் எங்கெங்கோ போயின. அத்தை போனதெல்லாம் திருவண்ணாமலை, படவேடு, ஒரு தரம் திருப்பதி, அவ்வளவுதான்.

"கண்ணு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை காசியைப் பாத்துடணும்மா" என்று அடிக்கடி சொல்வார்.

2024-ல் அதற்கு வேளை வந்தது. அத்தை, நான், எதிர்வீட்டு அக்கா, அவருடைய அம்மா, சீட்டுப் போடும் தோழிகள் இருவர் என்று ஆறு பேர் சேர்ந்தோம். கடைத்தெருவில் இருந்த ஒரு டிராவல் ஏஜெண்டிடம் தலைக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் பேசி, நாலு தவணையாகக் கட்டினோம். சென்னையிலிருந்து விமானத்தில் போய்வர டிக்கெட், காசியில் மூன்று நாள் தங்க இடம், எல்லாம் அதில் அடக்கம். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு பயணம்.

புறப்பட பதினோரு நாள் இருக்கும்போது அக்கா மூச்சிறைக்க ஓடி வந்தார். "கடை பூட்டிக் கிடக்குதுடி! போனும் எடுக்க மாட்டேங்கறான்!"

போய்ப் பார்த்தால் பூட்டின கடைக்கு முன்னால் இருபது பேர். எங்கள் பணத்தில் முந்தின கோஷ்டியை அனுப்பியிருக்கிறார், அடுத்தவர் பணத்தில் எங்களை அனுப்ப நினைத்திருக்கிறார். ஒரு கோஷ்டி பணம் கட்டாமல் நின்றதும் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. அத்தை ஒன்றும் பேசவில்லை. அடுக்கி வைத்திருந்த பையிலிருந்து புடவைகளை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

காலேஜில் படிக்கும் என் மகள்தான், "அழாதேம்மா. டிக்கெட்டைக் கொண்டா, பாக்கலாம்" என்றாள். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

ஏஜெண்ட் ஓடிப்போனாலும் டிக்கெட் ஓடிப்போவதில்லை. நிஜமாகவே எடுத்த டிக்கெட்டாக இருந்தால், நம்மை ஏற்றிச் செல்ல வேண்டியது விமான கம்பெனிதான். டிக்கெட்டில் ஆறு எழுத்தும் எண்ணுமாக பி.என்.ஆர். என்று ஒன்று இருக்கும். அதையும் பயணியின் பெயரையும் விமான கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கொடுத்தால் விவரம் வந்துவிடும். போன் நம்பரையும் அங்கிருந்தே எடுங்கள். எங்கேயோ தேடிக் கிடைக்கும் நம்பரில் கூப்பிட்டு, இருக்கிற பணத்தையும் மோசக்காரர்களிடம் பறிகொடுத்தவர்கள் உண்டு.

எங்களுக்குப் போகிற டிக்கெட் ஆறும் நிஜம். திரும்பி வருகிற டிக்கெட் வெறும் காகிதம். காசியில் இடமும் பதிவு செய்யவில்லை.

அப்போது அக்கா, "இருக்கிற டிக்கெட்டை ரத்து பண்ணி, வந்த காசை வாங்கிக்கலாம்" என்றார். நல்ல வேளை, அவசரப்படவில்லை. ஏஜெண்ட் மூலம் எடுத்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான கம்பெனிக்கே என்று விதி இருக்கிறது. ஆனால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேதான் வழக்கமாகத் திரும்பும். ஏஜெண்ட் கட்டியிருந்தால் அவர் கணக்குக்கே போய்விடும்! அதனால் கம்பெனியைக் கேட்காமல் ரத்து செய்யாதீர்கள். டிக்கெட்டில் ஏஜெண்டின் போன் நம்பர் இருந்தால், நம்முடையதாக மாற்றச் சொல்லுங்கள். நேர மாற்றச் செய்தி நமக்கு வரவேண்டாமா?

பிறகு ரசீது, வங்கிக் கணக்கில் பணம் போன விவரம், போனில் வந்த செய்தி எல்லாவற்றையும் நகல் எடுத்து போலீஸில் புகார் கொடுத்தோம். மனு ஏற்பு ரசீதையும் மறக்காமல் வாங்கினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கார்டில் பணம் கட்டியவர்கள் உடனே வங்கிக்கும் எழுத வேண்டும். ரொக்கமாகத் துண்டுச் சீட்டில் கொடுத்த எங்கள் இரண்டு தவணைகள்தான் இழுபறியில் நிற்கின்றன.

இது சின்ன ஊர் சமாசாரம் மட்டுமல்ல. 1841-ல் வேரூன்றிய இங்கிலாந்தின் தாமஸ் குக் கம்பெனியே 2019 செப்டம்பர் 23-ல் மூடிக்கொண்டது. (நம் நாட்டில் அந்தப் பெயரில் இருப்பது வேறு கம்பெனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.) வெளியூரில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசு இரண்டு வாரத்தில் வீடு சேர்த்தது. அங்கே சுற்றுலாப் பயணத்துக்கென்று ஒரு காப்பு நிதி உண்டு, நமக்கு அப்படி இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான கம்பெனியே நின்றுபோனபோது, கையில் நிஜ டிக்கெட் இருந்தவர்கள்கூடப் பணத்துக்காகக் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாமல், டிக்கெட் கைக்கு வந்து சரிபார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுப்பதே நல்லது.

நாங்கள் போனோமா என்கிறீர்களா? போனோம்! காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் சொல்லி இடம் பிடித்தோம். திரும்ப ரயிலில் தட்கலில் சீட்டு எடுத்தோம். மறுபடி செலவுதான். அதற்கு என் வளையல் ஒன்று அடகுக்குப் போனது.

கங்கையில் முழுகி எழுந்தபோது அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் மதன்புராவில் ஒரு சந்தில் நடந்தபோது சட்டென்று நின்றார். உள்ளே தறி ஓடும் சத்தம். "இங்கயும் நம்ம ஜனந்தாம்மா" என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

ஊர் திரும்பியதும் தார் ராட்டை முன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பட்டு வாங்கறப்போ இழையைக் கொளுத்தி மோந்து பாக்கறோம். ஜரிகையை உரசிப் பாக்கறோம். டிக்கெட்டை மட்டும் பாக்காம வாங்கிட்டோமே!"

அத்தை சொன்னதை நீங்களும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே.