கிலோவில் வாங்கி மீட்டரில் விற்றேன்

சர்ப்ளஸ் பைப் வாங்கி ஏமாந்தவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன் என்றுதான் வெளியில் சொல்லி வந்தேன். அது பொய். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

பீன்யாவில் சின்னதாக ஒரு பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பொம்மசந்திரா பக்கம் ஒரு ஷெட் வேலை வந்தது. கொட்டேஷனில் 50 மி.மீ. பி கிளாஸ் பைப் என்று எழுதி, மீட்டருக்கு ரேட் போட்டிருந்தேன். டீலரிடம் புதுச் சரக்கு எடுத்தால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அப்போதுதான் ஒரு யார்டில் 4 டன் 'புராஜெக்ட் சர்ப்ளஸ்' இருப்பதாகத் தகவல் வந்தது.

சர்ப்ளஸ் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது என்று அருமையான சரக்கெல்லாம் வரும். அதில் கட்டுக்கு டேக் இருக்கும். பைப்பில் இருக்கும் ஹீட் நம்பரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகும். இங்கே சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் இருந்தது. பைப்பில் நம்பர் இல்லை, புதுப் பெயிண்ட் இருந்தது. நீலப் பட்டைகூடப் பளபளவென்று இருந்தது.

ஐ.எஸ். 1239 தரப்படி லைட் பைப்புக்கு மஞ்சள் பட்டை, மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு. எங்கள் பேச்சில் ஏ, பி, சி கிளாஸ். 50 மி.மீ. பைப்பில் மூன்றுக்கும் வெளிவிட்டம் ஏறத்தாழ ஒன்றே, சுவர்தான் 2.9, 3.6, 4.5 மி.மீ. என்று மாறும். முனையில் வெர்னியரை வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். வெர்னியர் என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அந்த விலையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

மனக்கணக்கு மட்டும் தானாக ஓடியது. பி கிளாஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ, ஏ கிளாஸ் 4 கிலோ. யார்டில் எனக்கு எடை போட்டுத் தருகிறார்கள். நான் பில் போடுவது மீட்டர் கணக்கில். டன்னுக்கு 200 மீட்டர் வர வேண்டிய இடத்தில் 245 மீட்டர் வரும். விலை மலிவு ஒரு லாபம், நீளம் இன்னொரு லாபம். லோடு ஏற்றிய பையன் 6 மீட்டர் பைப்பைத் தனியாளாகத் தோளில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வெல்டர் தர்மபுரிக்காரன். "அண்ணே, பி கிளாஸுன்னு சொன்னீங்க, ராடு வெச்சா ஓட்டை விழுதே?" என்றான். "ஆம்பியரைக் குறைச்சு ஓட்டுடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு குறைத்து ஓட்டினான். அந்த ஜெராக்ஸைப் பில்லோடு சேர்த்து நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஷெட் விழவில்லை. மழைக்காலத்துக் காற்று பலமாக அடித்த ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல், மறுவாரமே போய் என் செலவில் கூடுதலாக பிரேஸிங் அடித்துக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை; "சும்மா ஒரு சேஃப்டிக்கு சார்" என்றேன். காசு கேட்காமல் வந்து வேலை செய்கிற காண்ட்ராக்டர் என்று அந்த முதலாளி என்னை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி வந்த இரண்டு வேலைகளையும் எடுத்துக்கொண்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.