அம்மா சொன்ன "போதும்டா"

புனேக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. ஆபீஸ்ல எத்தனையோ கிராஃப் பார்த்தாச்சு. ஆனா ஒரு கிராஃபைப் பார்த்து வெட்கப்பட்டது போன மாசம்தான்.

அம்மாவுக்கு இங்கேதான் வலது முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. கும்பகோணத்துல தனியா இருக்கறவங்க. வாசல்ல அஞ்சு படி. அதை ஏற முடிஞ்சாத்தான் ஊருக்குத் திரும்ப முடியும். அதனால தினமும் பயிற்சி. நாற்காலியில உட்கார்ந்து, கணுக்கால்ல ஒரு கிலோ மணல் பை கட்டி, காலை நேரா நீட்டி இறக்கணும், பத்து தடவை. ஆறாவதுலயே "போதும்டா, தொடை நடுங்குது"ன்னுடுவாங்க. நான், "சாக்கு சொல்லாதீங்கம்மா"ன்னு கத்துவேன்.

அம்மாவுக்கு ஹிந்தி வராது. பிசியோதெரபி பொண்ணுக்குத் தமிழ் வராது. நடுவுல மொழிபெயர்ப்பாளர் அடியேன். உண்மையைச் சொல்லிடறேன், அந்தப் "போதும்"ஐ மட்டும் நான் மொழிபெயர்த்ததே இல்லை.

போன மாசம் அந்தப் பொண்ணு ஈ.எம்.ஜி. கருவி கொண்டுவந்தாங்க. தசை இயங்கும்போது உண்டாகற துளியூண்டு மின்சாரத்தை அளக்கறது. தோலை ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சு, முட்டிக்கு மேலே தொடையோட உள்பக்கமும் வெளிப்பக்கமும் எலக்ட்ரோடு ஒட்டினாங்க. அம்மா காலை நீட்ட நீட்ட, திரையில கோடு துள்ளுச்சு. முதல் தடவை சின்னதா. ஆறாவதுல நல்லாவே பெருசா.

"பார்த்தீங்களாம்மா, பலம் ஏறுது!"ன்னேன்.

அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "உல்டா"ன்னாங்க. எடை அதேதான். ஆனா முதல்ல வேலை செஞ்ச நார்கள் களைச்சுப் போச்சு. அதே எடையைத் தூக்க மூளை புதுசா இன்னும் நிறைய நார்களைக் கூப்பிடுது. அதான் கோடு பெருக்குது. கூடவே அலைகளோட வேகமும் குறையுது. ரெண்டும் சேர்ந்து வந்தா, தசை நிஜமாவே களைக்குதுன்னு அர்த்தமாம். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மாசத்துல முன்தொடையோட பலம் பாதிக்கு மேல குறைஞ்சுடறது சகஜமாம்.

அம்மாகிட்ட சொன்னேன். "தேர் இழுக்கற மாதிரின்னு சொல்லு. பிடிச்சவன் களைச்சா இன்னும் நாலு பேர் வடத்தைப் பிடிப்பான். தேர் அதே தேர்தான். இதைத்தானேடா ஆறாவது தடவையில தினமும் சொன்னேன்?"

என்கிட்ட பதில் இல்லை.

களைப்பே தப்பில்லையாம். கொஞ்சம் களைச்சாத்தான் தசை வளரும். ஆனா நடுவுல ஓய்வு வேணும். இப்போ ஆறு தடவை, ரெண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஆறு. கணக்குப் பார்த்தா முன்னைவிட ரெண்டு தடவை அதிகம்! திட்டும் கிடையாது.

நேத்து எங்க அபார்ட்மென்ட் மாடிப்படியில அம்மா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு படி ஏறினாங்க. "போதுமாம்மா?"ன்னு நானே கேட்டேன்.

"இரு, இன்னும் ரெண்டு ஏறிக்கறேன்."

வெளியூர்ல பெத்தவங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு, டாக்டர்கிட்ட மொழிபெயர்ப்பாளரா நிக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அவங்க "போதும்"னா, அதையும் அப்படியே மொழிபெயர்த்துடுங்க.