இரண்டு ரூபாய் சம்பளம்

டிக்கன்ஸ் நாவல்களில் எனக்குக் கதாநாயகர்களைவிடக் குமாஸ்தாக்களைத்தான் பிடிக்கும். ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் உரையா ஹீப் என்று ஒருவன் வருகிறான். தருமப் பள்ளியில் படித்த ஏழைப் பையன். பகலில் வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை, ராத்திரியில் வரிக்கு வரி விரல் ஓட்டிச் சட்டப் படிப்பு. அவன் முதலாளிக்குச் சமமாக உட்கார ஆசைப்பட்டதும் டிக்கன்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையைக் கொடுத்து, மோசடி செய்யவைத்து, ஜெயிலில் தள்ளிவிடுகிறார். டேவிட்டும் பாட்டில் கழுவியவன்தான். ஆனால் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பாட்டி வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்ததும் இழந்த இடம் கிடைத்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் வாரம் ஆறு ஷில்லிங்குக்குப் பாலிஷ் ஜாடிகளில் லேபிள் ஒட்டிய மனிதர் இப்படியா எழுதுவது?

ஏறக்குறைய அந்தக் காலத்தில் திருச்சுழியில் ஒருவர் ஏறிக்காட்டியிருக்கிறார். சுந்தரமய்யர். பன்னிரண்டு வயதில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தர். மாதம் இரண்டு ரூபாய். பிறகு மனு எழுதினார். அதற்குப் பிறகு, சட்டப் பரீட்சை எதுவும் தேறாமலே, மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் வாதாட அனுமதி பெற்ற வக்கீல். வானம் பார்த்த கரிசலில் வக்கீலுக்குப் பஞ்சம் வராது. மழை பொய்த்தால் கடன், கடனுக்குப் பத்திரம், பத்திரத்துக்கு வழக்கு. வீடு கட்டினார், அதில் ஒரு பாதியை விருந்தாளிகளுக்கென்றே விட்டார். ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரிகள் முதலில் இறங்கியது அங்கேதான். வழிப்பறிக்காரர்கள்கூட அவர் வண்டியை மறிக்க மாட்டார்களாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நானும் டிக்கன்ஸ் மாதிரி ஆகிவிடுவேன். அய்யர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தாணி பிறந்த வீட்டிலேயே இருந்தது. அதே வட்டாரத்தில், அருப்புக்கோட்டைப் பேட்டையில் மகமை போட்டுக் காசு சேர்த்துக் கடை வைத்த நாடார்களுக்கு, காசு இருந்தும் கோயில் கதவு திறக்கவில்லை. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் போனவர்கள்மீது ராமநாதபுரம் ராஜா சேதுபதி வழக்குப் போட, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

சுந்தரமய்யர் வீட்டில் 1879 டிசம்பரில் பிறந்த பிள்ளை வேங்கடராமன். சின்ன வயதில் அப்பாவின் பழைய கேஸ் கட்டுகளை எடுத்து, கூட்டாளிகளோடு கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டான். ஏறிவந்த ஏணியையே பிரித்து மிதக்கவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இவன் தலையை மொட்டையடித்து, கோவணத்தைக் கட்டி வெளியே தள்ளுங்கள், சோறு போடாதீர்கள் என்று கத்தினாராம். பையன் திருமேனிநாதர் கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அப்பா சொன்னதில் மொட்டையும் கோவணமும் பிற்பாடு அப்படியே பலித்தன.

1892-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கு அப்போது வயது பன்னிரண்டு. கர்ணத்திடம் கைகட்டி நிற்க வேண்டிய வயதில் அவன் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய் மிஷன் பள்ளியில் படித்தான். ஏணியின் அடுத்த படி அது. 1896 ஆகஸ்டு 29 அன்று, பெய்ன் துரையின் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதி அலுத்து, பேப்பரைத் தள்ளிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்றார் அண்ணன் நாகசாமி. நியாயமான கேள்விதான்! அண்ணனின் கல்லூரிச் சம்பளம் ஐந்து ரூபாய் கையில் இருந்தது. மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினான்.

அந்த இரண்டு ரூபாயைத்தான் நான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முதல் மாதச் சம்பளம் அது. பையன் கணக்குப் பார்த்தா வைத்திருப்பான்? டிக்கன்ஸாக இருந்தால் இந்த ஒற்றுமைக்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருப்பார். கூடவே வேலூர்ப் பக்கம் ஒரு பணக்காரச் சித்தியையும் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்.

அந்தப் பையன் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆன பிறகும் கோர்ட்டு மட்டும் அவரை விடவில்லை. ஆசிரமம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்து, 1936-ல் கமிஷன் முன்னால் ரமணரே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து எழுதிய உயிலில், கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு போட்ட பத்திரத்தை எதிர்க்கட்சி வக்கீல் ஆட்சேபித்தால் என்ன பதில் சொல்வது என்று சுந்தரமய்யரைத்தான் கேட்க வேண்டும்.