அவிழ்க்க முடியாத வண்டி

கோமுகி அணைக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் வேன் நின்றதும் என் கை தானாகப் பூட்டாங்கயிற்றைத் தேடியது. அறுபத்தாறு வயதில் கைக்கு இருக்கிற ஞாபகம் தலைக்கு இருப்பதில்லை. இறங்கு, கயிற்றைத் தளர்த்து, நுகத்தடியைத் தூக்கு, மாடு இரண்டையும் வெளியே விடு, வண்டிக்கு முட்டுக் கொடு. இவ்வளவும் முடிந்தால்தான் வண்டி நின்றதாகக் கணக்கு. இங்கே டிரைவர் தம்பி சாவியைத் திருகினார், கைப்பிரேக்கை இழுத்தார், வேலை முடிந்தது. நான் மட்டும் எதையோ செய்ய மறந்தவனைப் போல வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

2025 பொங்கல் அது. கரிநாள் கழித்து வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக விட்டிருந்தது. சென்னையில் இருக்கிற அண்ணன் மகன் கேரவன் வேன் ஒன்றை மூன்று நாள் வாடகைக்குப் பேசி எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "நம்ம கூண்டு வண்டி மாதிரியேதான் சித்தப்பா. படுக்கலாம், சமைக்கலாம், நினைச்ச எடத்துல நிறுத்தலாம். சித்தியக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான். கூண்டு வண்டி வைத்திருந்தவனிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று நாளும் நான் அளந்துகொண்டேதான் வந்தேன்.

தெருவில் வேன் நின்ற அரைமணி நேரத்தில் பத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று கேட்டார்கள். கேரவன் என்றால் நம் ஊரில் ஷூட்டிங் வண்டிதானே. பெரியவர் ஒருவர் மட்டும், "என்.டி.ஆர். வண்டியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1982-இல் கட்சி தொடங்கிய கையோடு பழைய செவர்லே வேன் ஒன்றைச் சைதன்ய ரதம் என்று பெயர்மாற்றி, அதிலேயே உண்டு உறங்கி ஆந்திரா முழுக்கச் சுற்றியவர் என்.டி.ஆர். ஓட்டியது மகன் ஹரிகிருஷ்ணா.

உள்ளே இரண்டு அடுக்குப் படுக்கை, தொட்டால் சுடும் மின்னடுப்பு, கைகழுவத் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ், மூலையில் கதவு போட்ட கழிப்பறை. என் மனைவி எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அடுப்புக்கு எதுத்தாப்லயா கக்கூசு?" மூன்று நாளும் அந்தக் கதவை அவள் திறக்கவே இல்லை.

எங்கள் வண்டியில் கூண்டு மட்டும்தான் உண்டு. மூங்கிலைப் பிளந்து, வளைத்து, பாய் வேய்ந்த கூண்டு. ஊர்ப் பெயரிலேயே மூங்கில் இருந்தும், மூங்கிலை வெளியூரிலிருந்துதான் தாத்தா வாங்கிவந்தாராம். அடியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்தால் ஆறு பேர் நெருக்கியடித்து உட்காரலாம், நாலு பேர் படுக்கலாம். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்குத் தொங்கும். பக்கத்திலேயே அச்சுக்கான மைக்குழாய். ராத்திரி ஓட்டத்தில் கூண்டுக்குள் படுத்துக்கொண்டு பின்பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்தால், சக்கரத்தின் நிழல் ஆரக்கால் ஆரக்காலாகப் பாதையோரத்துப் பனைமரங்களில் ஏறி இறங்கும். நான் முதலில் பார்த்த சினிமா அதுதான்.

அந்த வண்டி வருஷத்துக்கு இரண்டு முறை வீடாகும். ஒன்று கார்த்திகை தீபத்துக்கு. சாயங்காலம் பூட்டினால் விடியற்காலம் திருவண்ணாமலை மலை கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு. தென்பெண்ணைக் கரையில் எத்தனையோ ஊர்களில் நடந்தாலும் எங்களுக்கு மணலூர்ப்பேட்டைதான். அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலிருந்து அங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார், நாம் போகாமல் இருக்கலாமா என்பார் அப்பா. மணலில் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து ஆற்றில் தண்ணீர் காட்டி, புண்ணாக்கு வைத்துவிட்டால் அன்றைக்கு வண்டி வீடு, மாடு மாடு. அப்பா செவலை மாட்டைப் பிடித்துக்கொண்டு லாடம் பார்க்கப் போவார். அம்மா வண்டி நிழலில் அடுப்பு மூட்டுவாள். நாங்கள் சுருளிக்கிழங்கு வாங்க ஓடுவோம். எல்லாரும் எங்கெங்கோ போய்த் திரும்புகிற வரைக்கும் வண்டி அதே இடத்தில் முட்டுக்கட்டைமேல் நின்றுகொண்டிருக்கும்.

பாரம் ஏற்றுவது ஒரு தனி வித்தை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பிக் கயிறு மாட்டின் தொண்டையை இழுக்கும். அப்பா நுகத்தடியின் நடுவில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். "அரிசி மூட்டைய ஒரு சாண் பின்னால தள்ளு" என்பார். பாட்டியைக்கூட அப்படி நகர்த்தி உட்காரவைத்ததுண்டு. வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் கேரவனைக் கோத்து இழுத்துப் போகிறவர்களும், கொக்கியில் இவ்வளவு எடைதான் இறங்க வேண்டும் என்று அளந்துதான் சாமான் ஏற்றுவார்களாம். அண்ணன் மகன் போனில் தேடிப் படித்துச் சொன்னான். கேட்டதும் அப்பாவின் இரண்டு விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆட்களும் ஊர் சேர்ந்ததும் காரைக் கழற்றிக்கொண்டு கடைகண்ணிக்குப் போய்விடுவார்கள், கேரவன் நின்ற இடத்திலேயே கிடக்கும். எஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக இருக்கிற இந்த வகை வேறு ஜாதி.

இன்னொன்றும் படித்துக் காட்டினான். சும்மா ஊர்சுற்றிப் பார்ப்பதற்கென்றே கேரவன் செய்துகொண்டவர்களில் முன்னோடி கார்டன் ஸ்டேபிள்ஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், கப்பற்படை மருத்துவராக இருந்தவர். 1885-இல் பிரிஸ்டலில் செய்வித்த வண்டி, இரண்டு குதிரை பூட்டியது. அதுவும் கூண்டு வண்டிதானே என்றேன். குதிரைகளுக்குப் பூக்களின் பெயர் வைத்திருந்தாராம். எங்களுடையவை மயிலை, செவலை. நிறத்தையே பெயராகக் கூப்பிட்டுப் பழகிய வீடு. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. வண்டிக்கு முன்னால் அவருடைய வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் போய், எதிரே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லுவாராம். அது அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

நாங்கள் தங்கிய இடத்திலிருந்து கச்சிராயபாளையம் கிட்டம். ராத்திரி ஜன்னலைத் திறந்ததும் காற்றில் கழிவுப்பாகு வாடை. எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் முதல் ஆலை இருப்பது எங்கள் ஊரில். இரண்டாவது ஆலை இந்தக் கச்சிராயபாளையத்தில். அரவைப் பருவத்து வாடையில் வளர்ந்தவன், ஓய்வெடுக்க இன்னொரு ஆலையின் வாடைக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

அந்த வாடையோடு ஆலை யார்டு ஞாபகமும் வந்தது. கட்டிங் ஆர்டர் கிடைத்து, கரும்பை வெட்டி, டயர் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனால் எடைமேடைக்கு முன்னால் வண்டிகள் வாலாக நிற்கும். ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுப்பார்கள். மேலே கரும்பு, கீழே மனிதன், பக்கத்தில் சோகையை மெல்லும் மாடு. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய், நானும் அங்கேயே தூங்கியிருக்கிறேன். வரிசை நகர்ந்தால் யாராவது காலைத் தட்டி எழுப்புவார்கள்.

அன்று ராத்திரி டிரைவர் தம்பி எங்கே படுப்பார் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. நாலு படுக்கை, அண்ணன் மகன், மருமகளோடு நாங்கள் நாலு பேர். அவர் முன் சீட்டைச் சாய்த்துக் காலை மடக்கிக்கொண்டார். வெளிநாட்டில் வீட்டுக்காரனே ஓட்டிக்கொள்கிறான். இங்கே டிரைவரும் சேர்ந்தே வாடகைக்கு வருகிறார், அவருக்கு ஒரு பாய் இடம் இல்லாமல். வேனுக்கு அடியிலாவது படுக்கலாமா என்று குனிந்து பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லை. மனைவி தன் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் ஜமுக்காளத்தை விரித்தாள். "எனக்கு இதுதான் பழக்கம் தம்பி" என்றாள். உண்மையும் அதுதான்.

மின்சாரத்துக்கு அண்ணன் மகன் பக்கத்து நிலத்துப் பம்ப்செட்டுக் கொட்டகையைக் காட்டினான். விவசாயத்துக்கு விட்ட இலவசக் கரண்டில் ஏசி ஓட்டுவதா என்று நான் சத்தம் போட்டதில் விட்டுவிட்டான். கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் வண்டிகள் தங்க ஒரு பூங்காவும் திறந்துவிட்டார்கள். இங்கே கல்வராயன் மலை அடிவாரத்தில் புளியமரம் இருக்கிறது. தை மாசக் குளிரில் அதுவே போதும்.

விடிந்ததும் பால் இல்லை.

அரை லிட்டர் பால். கடை மூன்று கிலோமீட்டர். வெளியே விரித்திருந்த துணிப்பந்தலைச் சுருட்ட வேண்டும். நாற்காலிகளை மடக்க வேண்டும். உருளும் என்று பாத்திரங்களை அலமாரியில் வைத்துக் கொக்கி மாட்ட வேண்டும். தூங்குகிற மருமகளை எழுப்ப வேண்டும். பல் விளக்கிக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு ஏறினேன். அரை லிட்டர் பாலுக்கு ஒரு குடும்பமே வீட்டோடு கிளம்பிக் கடைக்குப் போனது. திரும்பி வந்தால் எங்கள் புளியமரத்தடியில் காணும் பொங்கல் கழித்த கூட்டம் ஒன்று டெம்போவை நிறுத்திப் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. சண்டை போட நியாயம் ஏது? நாங்கள் அங்கே ஒரு முட்டுக்கட்டையைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லையே.

மலை ஏறினோம். பரிகம் தாண்டி வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் கொக்கியை மீறி ஒரு தட்டு விழுந்தது. எங்கள் வண்டி இந்த மலையில் ஏறியதே இல்லை. கடுக்காயும் புளியும் மலைவாழ் மலையாளிகளின் தலைச்சுமையாக இறங்கிவரும், எங்கள் வண்டி அடிவாரத்தில் காத்திருக்கும். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசு நிர்வாகம் மேலே ஏறியது. இப்போது வெள்ளிமலை வரைக்கும் தார்ச்சாலை. பெரியார் அருவியில் மருமகள் குளித்தாள். கரியாலூரில் தேநீர் குடித்தோம். அழகான நாள்தான், சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, தை ஐந்து. இறங்கி நேராக மணலூர்ப்பேட்டை. ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வீட்டை ஒரு வயலில் பூட்டிவிட்டு ஆற்றுக்கு நடந்தோம். ஆறு நான் அறிந்த ஆறாக இல்லை. முந்தைய டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் கரையைக் கரைத்திருந்தது. வண்டி நிறுத்திய மணல்மேட்டைத் தேடினேன். மேடு இருந்த இடம் பள்ளமாக இருந்தது. சுருளிக்கிழங்கு மட்டும் அதே கிழங்கு. இரண்டு கிலோ வாங்கினேன்.

மயிலையையும் செவலையையும் அடுத்து வந்த ஜோடிகளில் கடைசி ஜோடியை 1998-இல் விற்றேன். கூண்டு இற்றுப்போயிற்று. சக்கரம் இரண்டும் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கின்றன, நுகத்தடி பரணில் கிடக்கிறது. வரும் தைக்கும் வேனைப் பேசலாமா என்று அண்ணன் மகன் போன வாரம் கேட்டான். பேசு என்றேன். டிரைவர் தம்பிக்கு ஒரு மடக்குக் கட்டிலும், வேனின் முதுகில் கட்டிக்கொள்ள ஒரு சைக்கிளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பால் நான் போய் வாங்கி வருகிறேன்.